கம்ப்யூட்டர் கேட்டோம், பீரோ வந்தது

எந்த மிஷினைக் காட்டினாலும் பார்த்த மாத்திரத்தில் அதில் குறை கண்டுபிடிக்கக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் டெல்லியில் எங்கள் சர்க்கார் ஆபீசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தார். எதைப் பார்த்தாலும் "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று இழுப்பார். அதனால் எங்களுக்கு ஆனா சார். நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைக்காரர்களிடம் அதையே இந்தியில் இழுத்ததால் அங்கே லேகின் சாப்.

எண்பதுகளின் நடுவில் என்னைத் தற்காலிக புரோகிராமராகப் போட்டார்கள். கம்ப்யூட்டர்தான் இல்லை. அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஆனா சாருடையது. நான் முனிர்காவில் எடுத்திருந்த வாடகை அறையிலிருந்து தினமும் போய், சம்பளக் கணக்கு புரோகிராமைக் காகிதத்தில் எழுதி, காகிதத்திலேயே ஓட்டி, காகிதத்திலேயே பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

கடையில் சார் வைக்கும் பரீட்சையைப் பார்க்க வேண்டுமே! கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டைத் தட்டுவார். காய்ச்சல்காரக் குழந்தையைத் தொடுவதுபோல மிஷின் தலையில் கைவைத்துச் சூடு பார்ப்பார். பச்சை எழுத்துத் திரையை அரை மணி நேரம் முறைப்பார்.

"புரோகிராம் எழுதுறவனுக்கு விரலும் கண்ணும்தாம்லே முக்கியம்" என்றார் என்னிடம். பிறகு கடைக்காரரிடம் இந்தியில், "இது நல்லாத்தான் இருக்கு, ஆனா அடுத்த மாசம் இதவிட வேகமா ஒண்ணு வருதாம்."

"அதுக்கு அடுத்த மாசம் அதைவிட வேகமா வரும், சாப்!" என்று இந்தியில் குத்தினார் கடைக்காரர்.

"அச்சா! அப்ப அதையே பாத்துருவோம்."

அதற்குள் மார்ச் வந்துவிடும். மார்ச்சுக்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும். விடலாமா? கடைசி வாரம் அவசர அவசரமாக இரும்பு பீரோ வாங்குவோம். அதற்கு மட்டும் சார் சூடு பார்த்ததில்லை. அடுத்த மார்ச்சிலும் பீரோ. மூன்றாம் வருஷம் நாங்கள் செக்‌ஷனுக்குள் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடந்தோம்.

அப்போது மேலிடம் விழித்துக்கொண்டது. கம்ப்யூட்டரே இல்லாத இடத்தில் புரோகிராமர் எதற்கு? இந்த மார்ச்சோடு என்னை அனுப்பிவிடலாம் என்று முடிவு.

"சார், ஏப்ரல்ல நான் ஊருக்கு, மதுரைக்குப் போறேன்."

"என்னலே, லீவா?"

"வேலையே போச்சு சார். மிஷின் இல்லாம இங்க நான் என்ன பண்ண? உங்க பீரோவத் தொடைக்கவா?"

சார் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேராக நேரு பிளேஸ். போன வருஷம் "இது கம்ப்யூட்டரா, பிரஷர் குக்கரா?" என்று அவரே கேலி செய்த மிஷினைக் கைகாட்டினார். கடைக்காரர் பழக்க தோஷத்தில் காத்திருந்தார்.

"லேகின்...?"

"லேகின் ஒண்ணும் கிடையாது. ஜல்தி பேக் கரோ!"

ஒரு பீரோவை வராந்தாவுக்குத் தள்ளி மிஷினுக்கு இடம் பண்ணினோம். என் வேலை தப்பியது. மிஷின் என்னவோ அவர் சொன்ன மாதிரியே கொதித்தது. மே மாதம் முழுக்க, தன் மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, சட்டை முதுகோடு ஒட்ட உட்கார்ந்திருந்தார் சார்.

மூன்று வருஷம் என்னைப் படாதபாடு படுத்திய மனுஷர்தான். ஆனா...