குளவிச் சுற்றறிக்கையும் நீலத் தறப்பாளும்

பிள்ளைகள் வீட்டுக்குள் விளையாடுவது நல்லதா, வெளியே விளையாடுவது நல்லதா என்று பெற்றோரைக் கூட்டத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். "வெளியேதான்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். அதே ஆட்களை அவரவர் வீட்டு வாசலில் பிடித்துக் கேளுங்கள். தரை துடைத்தாயிற்றா, மழை வருமா, நேற்றுத் தோய்த்த உடுப்புக் காய்ந்ததா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் பெற்றோர் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். (அங்கே எனக்கிருந்த ஒரே வேலை, தேநீர் வரும்வரை தலையாட்டுவது. அதை ஒருநாளும் குறைவாகச் செய்ததில்லை.)

இந்த விஷயத்தில் எனக்கென்று ஒரு கருத்தும் இருந்தது. எங்கே விளையாடினாலும் நடைமுறைப்படி விளையாடினால் ஆபத்தில்லை என்பதே அது. நான் ஓய்வுபெற்ற வருடம், ஓகஸ்ட் விடுமுறையில், எங்கள் மலையூரான கொட்டகலைக்கு மேலே ஒரு புல்தரையில் அந்தக் கருத்து சேற்றில் குப்புற விழுந்து உயிரை விட்டது. பக்கத்தில் நானும் குப்புறக் கிடந்தேன்.

என் மகள் மாலதி கொழும்பில், வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறாள். அந்த விடுமுறைக்குக் கணவன் சுதாகரோடும் எட்டு வயது மகள் யாழினியோடும் கொட்டகலைக்கு வந்திருந்தாள். வந்த அன்றே வீட்டில் யுத்தம் தொடங்கிவிட்டது.

"யாழினி உள்ளுக்கே வெளையாடட்டும்ப்பா. வெளிய அட்டை, சேறு, குளிர், குளவி. ஒண்ணா ரெண்டா?" என்றாள் மாலதி.

"அப்ப எதுக்கு இவ்ளோ தூரம் ரயில்ல வந்தோம்?" என்றார் சுதாகர். "அஞ்சாம் மாடி சோஃபாவுல இருந்த புள்ளைய எறக்கிக் கொண்டாந்து இந்த சோஃபாவுல வைக்கவா?"

"பேசுவீங்க. உடுப்புத் தோய்க்கிறது யாரு?"

"மெஷின்."

"மெஷினுக்குள்ள போடுறது யாரு?"

மருமகன் ஜன்னல் வழியாக மலையை ரசிக்கத் தொடங்கினார்.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். மாலதி இந்த மலையிலேயே ஓடி விழுந்து வளர்ந்தவள். அவள் முழங்கால்களில் இன்னும் தழும்புகள் இருக்கின்றன. சுதாகரோ கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் கண்ட அட்டை, தொலைக்காட்சியில் வந்த அட்டை மட்டும்தான். வெளியே என்றால் என்னவென்று தெரிந்தவள் வேண்டாம் என்கிறாள். தெரியாதவர் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்.

விவாதப் பொருளான யாழினி டெப்ளெட்டோடு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு சிறுமி மரத்துக்கு மரம் தாவி, ஆற்றைக் கடந்து, மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தாள். யாழினிக்குக் கட்டைவிரல் மட்டும் வியர்த்திருந்தது.

நான் தொண்டையைச் செருமினேன். (நாற்பது வருடப் பழக்கம். செருமினால் முன்பெல்லாம் அலுவலகமே நிமிர்ந்து பார்க்கும். வீட்டில் என் மனைவி "வெந்நீர் வேணுமா?" என்று கேட்பாள்.)

"ஒரு நாள், ஒரு மணித்தியாலம், என் பொறுப்பில் விடு. புள்ள சுகமாத் திரும்பி வந்தா, லீவு முடியிற வரைக்கும் வெளிய வெளையாடட்டும்."

மாலதி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "சரி. ஆனா ஏதாவது ஒண்ணு ஆச்சு, அடுத்த நாள் ரயில்ல நாங்க கொழும்புக்குப் போயிருவோம். பொறகு லீவுன்னு இந்தப் பக்கமே வர மாட்டோம்."

யாழினி அன்றைக்கு முதல் தடவையாகத் திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "தாத்தா, ப்ளீஸ், ஒழுங்கா இருங்க" என்றாள்.

நான் ஒழுங்காக இருப்பது பற்றி இரண்டாம் கருத்துக்கே இடமிருக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளுக்கான குளவிப் பாதுகாப்புச் சுற்றறிக்கையை எழுதியவனே நான்தான். ஓடாதே, குப்புறப் படு, முகத்தை மறை, கையில் கிடைத்ததைக் கொண்டு மேலே மூடு, பெரியவர் ஒருவரின் உத்தரவு வரும்வரை அசையாதே. கடைசி வாக்கியம் என் சொந்தச் சரக்கு. அதை எழுதி முடித்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது. (அதுவரை குளவிக் கூட்டை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன், ஓடுகிற பஸ்ஸிலிருந்து.)

மறுநாள் காலை விசில், முதலுதவிப் பெட்டி, அட்டைக்கு உப்பு, மழைக்கு மேலே பிடிக்க ஒரு பெரிய நீலத் தறப்பாள் சகிதம் புறப்பட்டேன். யாழினியோடு பக்கத்து வீட்டு நிஸ்தார் நானாவின் பிள்ளைகள் ரிஸ்னாவும் அஃப்ரீத்தும் பந்தும் கிரிக்கெட் துடுப்புமாகச் சேர்ந்துகொண்டார்கள். அட்டை ஏறாமலிருக்க மூவரின் கால்களிலும் சவர்க்காரம் பூசினேன்.

நிஸ்தார் நானா தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். (ஓய்வுபெற்ற பிறகும் ஊருக்கு நான் 'சேர்'தான், அதிகாரி என்ற மரியாதை.) "எங்க சேர், பட்டாளம் போகுது?"

"வெளையாட."

"தறப்பாளோடயா?"

அறியாதவர்களுக்கு விளக்கம் சொல்லி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று நடந்தேன்.

எங்கள் ஊரில் சமதரை என்பது அபூர்வமான பொருள். பந்து ஒருமுறை கைதவறி உருண்டால் தேயிலைத் தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் போய்த்தான் நிற்கும். தேயிலைக்கு நடுவில் இருந்த ஒரேயொரு புல்தரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். ஒரு பக்கம் சவுக்கு மரங்கள். கீழே பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். விடியற்காலைத் தூறலில் புல் நனைந்திருந்தது.

பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தி விதிமுறைகளை விளக்கத் தொடங்கினேன். பாதி நேரம் அதிலேயே போயிற்று. திரும்பிப் பார்த்தால் எனக்கு முன்னால் யாருமில்லை. மூன்று பேரும் பின்னால் விளையாடத் தொடங்கியிருந்தார்கள்!

என்ன ஓட்டம் அது! யாழினி துடுப்பை வீசினாள், பந்து பறந்தது, அவள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினாள். முகமெல்லாம் சிவந்து, ஒரு சப்பாத்து எங்கோ கழன்று விழுந்து, பின்னல் அவிழ்ந்து, "தாத்தா, பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று கத்தினாள். நானும் துள்ளினேன். வயதை மறந்து விசில் ஊதினேன். ஜெயித்துவிட்டோம், விடுமுறை முழுக்க நமதுதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சவுக்கு மரங்களுக்கு மேலிருந்து ஒரு ரீங்காரம். மெதுவாகத் தொடங்கி, கனத்து, நேராக எங்களை நோக்கி வந்தது. அண்ணாந்து பார்த்தேன். என் மூக்குக்கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. மூட்டத்துக்கு நடுவே கறுப்பாக ஒன்று நகர்ந்தது.

எத்தனை வருடம் இதற்காகக் காத்திருந்தேன்!

"குளவி! படுங்க! எல்லாரும் படுங்க!" விசிலை முழு மூச்சில் ஊதினேன். அஃப்ரீத் பொத்தென்று விழுந்தான். ரிஸ்னா அவன் மேல் விழுந்தாள். யாழினியை நான் அமுக்கிப் படுக்க வைத்தேன். தறப்பாளை உதறி மூவரையும் மூடினேன்.

உள்ளேயிருந்து யாழினியின் குரல் வந்தது. "தாத்தா, அது ட்ரோன்."

"தலையத் தூக்காத!"

"செவப்பு லைட் எரியுது பாருங்க தாத்தா."

"கோவம் வந்தா அப்படித்தான் எரியும்!"

(ஆம், அப்படித்தான் சொன்னேன். பட்டதாரி. கல்வி டிப்ளோமாவும் உண்டு.)

தேயிலை மலையில் "குளவி" என்ற சொல் வாயிலிருந்து விழுந்தால் போதும். யாரும் நின்று விசாரிக்க மாட்டார்கள். கீழே ஒரு பெண் "குளவிடீ!" என்று கத்தினாள். அது அடுத்தவளுக்கு, அதற்கடுத்தவளுக்கு என்று மலையைச் சுற்றி ஓடியது. கூடைகள் உருண்டன. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு வரிசை முழுக்கத் தரையில் சாய்ந்தது. அவர்களை விரட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்த கங்காணி எல்லோருக்கும் முந்திப் படுத்தார்.

அந்த ட்ரோனை ஓட்டிய இளைஞனின் நிலையையும் யோசிக்க வேண்டும். சவுக்கு மரங்களுக்கு அந்தப் பக்கத்தில் கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடியைப் படமெடுக்க வந்தவன். மணப்பெண்ணின் முந்தானை காற்றில் அலைய, பின்னால் பசுமை மலை விரிய என்று எதையோ எதிர்பார்த்துக் கருவியை உயர்த்தியிருக்கிறான். திரையில் மலை முழுக்க ஆட்கள் பொத்துப் பொத்தென்று விழுகிறார்கள். என்ன விபரீதமோ என்று பதறி, நன்றாகப் பார்க்க இன்னும் கீழே இறக்கினான்.

"எறங்குது! எறங்குது!" என்று அலறி நான் தறப்பாளின் மேல் பாய்ந்து பிள்ளைகளை மறைத்துக்கொண்டேன்.

"சேர்" என்றான் அஃப்ரீத் அடியிலிருந்து. "காலுல என்னமோ ஏறுது."

"அசையாத. இன்னும் உத்தரவு வரல்ல."

"யாரோட உத்தரவு சேர்?"

"என்னோடது!"

ஈரப்புல்லில் சவர்க்காரம் எப்போதோ கரைந்து போயிருந்தது. மலை அட்டைகளுக்கு அப்படியொரு பந்தி அதற்கு முன்னும் கிடைத்திருக்காது, பின்னும் கிடைத்திருக்காது. போதாததற்கு, அசையாமல் கிடக்க வேண்டும் என்பது விதிமுறை.

செய்தி இதற்குள் கடைத்தெருவை எட்டிவிட்டது. நிஸ்தார் நானாவின் கடைக்குப் போய்ச் சேரும்போது, சேரையும் பிள்ளைகளையும் குளவி மொய்த்துவிட்டது, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஏற்றப் போகிறார்கள் என்று வளர்ந்திருந்தது. மாலதி கையில் கிடைத்த படுக்கை விரிப்போடு வெறுங்காலில் ஓடி வந்தாள். அந்த ஓட்டத்தைச் சொல்லத்தான் வேண்டும். கொழும்பில் லிஃப்ட் பழுதானால் கணவனிடம் சண்டை போடுகிறவள், தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு தடவைகூடத் தடுக்காமல் ஆட்டைப் போல ஏறி வந்தாள். சுதாகர் வெகுதூரம் பின்னால் செடிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"யாழினி!" என்று கத்திக்கொண்டு புல்தரைக்குள் பாய்ந்தவள் சேற்றில் வழுக்கி, உட்கார்ந்தபடியே சறுக்கி வந்து தறப்பாளில் மோதி நின்றாள்.

அதே நேரம் என் மூக்குக்கு முன்னால் அந்தக் குளவி, நான்கு சின்னக் காற்றாடிகளோடு, மிகவும் பணிவாகத் தரையிறங்கியது.

சவுக்கு மரங்களுக்கு இடையிலிருந்து பட்டு வேட்டியும் பட்டுப் புடவையுமாக ஜோடி வந்து நின்றது. பின்னாலேயே வந்த இளைஞன் கையில் ரிமோட்டோடு கேட்டான். "ஐயா, ஏன் எல்லாரும் படுத்திருக்கீங்க?"

கீழே சாக்குகள் ஒவ்வொன்றாக விலகின. ஒரு பெண் எழுந்து, ஜோடியைப் பார்த்து, என்னைப் பார்த்து, இடுப்பில் கை வைத்தாள். "ஏன் சேர், குளவிக்கா கல்யாணம்?"

மலையே சிரித்தது. கங்காணி மட்டும் எழுந்த வேகத்தில், "யாருடி படுக்கச் சொன்னா, பறிங்கடி!" என்று தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

தறப்பாளை விலக்கினேன். மூன்று பிள்ளைகளும் களிமண்ணில் செய்து வைத்தவர்கள் போலிருந்தார்கள். கால்களில் அட்டைகள் தொங்கின. யாழினி தன் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு துடித்தது. முடிந்தது என்று நினைத்தேன். அழப் போகிறாள், நாளைக்கு ரயில், இனி ஐந்தாம் மாடிதான்.

மாலதி மகளின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். நகத்தால் ஒரே சுண்டு. அட்டை பறந்தது.

யாழினிக்குக் கண் விரிந்தது. "அம்மா! எப்பிடிம்மா செஞ்சீங்க? இன்னொண்ணு இருக்கு, இன்னொண்ணு!"

மாலதி இன்னொரு தடவை சுண்டினாள். பிறகு தன் காலிலிருந்து ஒன்று. பிறகு ரிஸ்னாவுக்கும் அஃப்ரீத்துக்கும். யார் அட்டை தூரமாகப் போகிறது என்று பிள்ளைகள் பந்தயம் கட்டத் தொடங்கினார்கள். மாலதி முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சேற்றில் உட்கார்ந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகிப் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அப்போதுதான் சுதாகர் வந்து சேர்ந்தார். வந்தவர் காலுறையை இழுத்து உள்ளே பார்த்தார். அடுத்த கணம் அருகிலிருந்த பாறையின் மேல் நின்றார். "மாலதி! என் ரத்தம்! நாளைக்கே கொழும்புக்குப் போயிருவோம்! புள்ள உள்ளுக்கே வெளையாடட்டும்!"

"ஏன், வெளிய ஓடட்டும்னு சொன்னீங்களே?"

"அது அட்டைக்கு முந்தி!"

அங்கேயே, சேற்றில் உட்கார்ந்தபடியே மாலதி தீர்ப்புச் சொன்னாள். "புள்ள லீவு முடியிற வரைக்கும் வெளிய வெளையாடுவா. நானும் கூட வருவேன். நீங்க மாமனும் மருமகனும் வீட்டுக்குள்ள இருங்க."

அப்படியே நடந்தது. மிச்ச விடுமுறை முழுவதும் நானும் மருமகனும் சோஃபாவில் அடுத்தடுத்து உட்கார்ந்து, டெப்ளெட்டில் அந்தச் சிறுமியை மரத்துக்கு மரம் தாவ வைத்தோம். அவர் என்னைவிட நன்றாகவே தாவுவார். ஒவ்வொரு ஓகஸ்ட்டும் அவர்கள் வருகிறார்கள். ஏற்பாடு இன்னும் மாறவில்லை.

விஷயம் அத்தோடு அடங்கியிருக்கும். ஆனால் அன்று படமெடுக்க வந்த ஜோடியில் மாப்பிள்ளை என் பழைய அலுவலக நண்பரின் மகன் என்று பிறகுதான் தெரிந்தது. ஹட்டனில் கல்யாணம். முதல் வரிசையில் எனக்கு மரியாதையான ஆசனம். பெரிய திரையில் ஜோடி கைகோத்து நடக்கிறது, இசை பொங்குகிறது, படம் மேலெழுந்து மலையைக் காட்டுகிறது. பசுமைக்கு நடுவே ஒரு நீலப் பொட்டலம். அதன் மேல் ஒரு வழுக்கைத் தலை, மெதுவான வேகத்தில், கைகளை விரித்துப் பாய்கிறது. கேட்டவர்களுக்காக இன்னொரு தடவையும் போட்டார்கள்.

இப்போது என் வீட்டில் ரீங்கரிக்கும் எதுவும் முன்னறிவிப்பில்லாமல் இயங்க முடியாது. காலையில் மிக்ஸியைப் போடுவதற்கு முன் என் மனைவி சமையலறையிலிருந்து தவறாமல் குரல் கொடுக்கிறாள்:

"சட்னிதாங்க அரைக்கப் போறேன். நீங்க உக்காந்தே இருங்க."