ஏழு அறைக்கு ஒரு காத்தாடி

இனிமேல் இந்த வீட்டுக்குள் வெளியிலிருந்து கரண்ட் வரவே கூடாது என்று படவரைஞர் முடிவெடுத்தபோது பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரை. உலகத்துக்கு உடனே அறிவிக்க வழியில்லை. அவசரமாகக் கொப்பளித்துவிட்டுப் பின்னறைக்கு ஓடினார். அங்கே அவர் மனைவி தையல் மெஷினில் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிவு பண்ணிட்டேன்."

"முதல்ல வாயைத் தொடைங்க. என்ன முடிவு?"

"நம்ம வீடு காத்துல ஓடப் போகுது."

"வாடகை வீட்டுல இருந்தப்பகூட நாம ஓடினது இல்லையே!"

"கிண்டலா? மொட்டை மாடியில ஒரு காத்தாடி வைக்கப் போறேன். காத்தடிச்சா இறக்கை சுத்தும். இறக்கை சுத்தினா பேட்டரி நிறையும். பேட்டரி நிறைஞ்சா வீடு ஓடும். படிப்படியா, ஒவ்வொரு ரூமா மாத்திட்டு, கடைசியில மெயின் பியூஸைப் பிடுங்கித் தூர வச்சிடுவேன்."

இந்த வீராப்புக்குப் பின்னால் ஒரு சோகம் உண்டு. அவர் ஒரு கட்டடக் கம்பெனியில் வீட்டுப் படம் வரைகிறவர். இருபது வருஷமாக வரைகிறார். அவர் சமையலறை என்று வரைந்த இடத்தில் கார் நிற்கும். ஜன்னல் என்று வரைந்த இடத்தில் பீரோ நிற்கும். வரைந்தது வரைந்தபடி எழும்பிய கட்டடம் ஒன்றுகூடக் கிடையாது. ஒன்றே ஒன்றாவது தன் திட்டப்படி நடந்துவிட வேண்டும் என்று மனுஷன் ஏங்கிப்போயிருந்தார். சொந்த வீட்டில்கூடவா நடக்காது?

அன்று சாயங்காலமே பெரிய தாளில் வீட்டை வரைந்து, ஏழு அறைக்கும் எண் போட்டுவிட்டார். முதலாவது, அவர் உட்கார்ந்து படிக்கும் அறை. இரண்டாவது கூடம். மூன்றாவது படுக்கையறை. அப்படியே குளியலறை, நடை, சமையலறை என்று போய், ஏழாவதாகப் பின்னறை.

மனைவி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, என் ரூம் ஏழாவதா?"

"கடைசியா வர்றதுதான் அம்சமா வரும்."

"தினம் பத்து மணிக்குக் கரண்ட் போகுது, பன்னெண்டுக்கு வருது. அந்த ரெண்டு மணி நேரமும் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கேன். ஸ்கூல் திறக்கறதுக்குள்ள நூத்தி இருபது யூனிஃபார்ம் குடுக்கணும். என் ரூமை முதல்ல வைங்களேன்."

"தினம் கரண்ட் போகுதா? எனக்குத் தெரியாதே!"

"நீங்க ஒம்பது மணிக்கே ஆபீஸ் போயிடறீங்க. ஞாயித்துக்கிழமை கரண்ட் போகறதில்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் சரிதாம்மா. ஆனா திட்டம்னா வரிசைப்படிதான் போகணும். நடுவுல மாத்தினா அதுக்குப் பேரு திட்டம் இல்ல."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சரிங்க" என்றாள்.

இங்கேதான் அவர் உஷாராகியிருக்க வேண்டும். அவள் "முடியாது" என்று சொன்னால் இரண்டு நாள் கெஞ்சி ஏதாவது சாதித்துவிடலாம். "சரிங்க" என்று சொன்ன விஷயத்தில் இதுவரை அவர் ஜெயித்ததே இல்லை. ஆனால் அன்றைக்கு அவருக்கு இருந்த குஷியில் தலைகால் புரியவில்லை.

காத்தாடி வந்து இறங்கியது. மூன்று இறக்கை, ஒரு வால், பன்னிரண்டு அடிக் கம்பம். அதை மாட்ட அவளுடைய தம்பி வந்தான். எலக்ட்ரீஷியன். படவரைஞருக்குத் தாளில் வயர் ஓட்டத் தெரியுமே தவிர, நிஜ வயரைக் கண்டால் நாலடி தள்ளித்தான் நிற்பார். ஒருதடவை வாங்கிய ஷாக் அப்படி.

மச்சினன் காத்தாடியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மாமா, இது சின்னது. ஏழு ரூமை இழுக்காது."

"மாப்ளே, நீ கம்பியை மாட்டு. கணக்கை நான் பாத்துக்கறேன்."

"இல்ல மாமா, ஒரு ரூமுன்னாகூட..."

"மாட்டுப்பா!"

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

கம்பம் ஏறியதும் தெருவே அண்ணாந்து பார்த்தது. எதிர்வீட்டு வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே வெளியே வந்துவிட்டார்.

"என்ன சார் இது, காக்கா விரட்டறதுக்கா?"

"இது என் வீட்டையே ஓட்டப் போகுது."

"அட போங்க சார்! என் கடையில தொங்குற சுவர்க்கடிகாரத்தைக்கூட இது ஓட்டாது."

படவரைஞருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தெருவில் இன்னும் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவ்வளவு பேர் முன்னாலும் மார்தட்டினார். "இன்னும் நாலு மாசத்துல உங்க எல்லார் முன்னாடியும் மெயின் பியூஸைப் பிடுங்குவேன். என் வீட்டுல ஒரே ஒரு பேன் நின்னாலும் சரி, அன்னைக்கே இந்தக் காத்தாடியைக் கழட்டிடறேன். கம்பத்தை நீங்க எடுத்துட்டுப் போய்த் துணி காயப்போடுங்க!"

"எனக்கு வேட்டி ரெண்டுதான் சார். இவ்ளோ பெரிய கம்பம் எதுக்கு?" என்றார் வாட்ச்காரர்.

தெரு சிரித்தது. அன்றிலிருந்து படவரைஞருக்குக் 'காத்தாடியார்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

அதன் பிறகு மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மச்சினன் வருவான். படிக்கட்டுக்குக் கீழே பேட்டரிக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் எதையோ திருகுவான். டீ குடிப்பான். "இந்த ரூம் முடிஞ்சுது மாமா" என்று அந்த அறையின் சுவிட்ச் போர்டில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவான். பச்சை ஒட்டினால் காற்றுக் கரண்ட் என்று அர்த்தம். ஸ்டிக்கர் யோசனை காத்தாடியாருடையது. ஒவ்வொரு ஸ்டிக்கரையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவார்.

பச்சை ஒட்டிய அறைகளில் அவருடைய ஆட்சி ஆரம்பமானது. பேட்டரி மேல் ஒரு முள் உண்டு. ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த முள்ளைப் பார்ப்பார். முள் கொஞ்சம் இறங்கியிருந்தால் போதும், வீடே அதிரும்.

"யாரு பேன் போட்டது?"

"நேத்து நீங்கதான், சாப்பிடும்போது அஞ்சு நிமிஷம்."

"அதான் பாத்தியா! முள்ளு எவ்ளோ இறங்கியிருக்கு! இனிமே எனக்குப் பேன் வேண்டாம்."

"புழுங்குமேங்க."

"லட்சியம்னு வந்துட்டா புழுக்கமென்ன புண்ணாக்கென்ன!"

இப்படி முதல் மாதம் பேனை விட்டார். இரண்டாவது மாதம் குளியலறை விளக்கை விட்டுவிட்டு இருட்டில் குளித்து, ஷாம்பு என்று நினைத்துத் தரை கழுவும் திரவத்தைத் தலையில் தேய்த்துக்கொண்டார். மூன்றாவது மாதம் டிவியையும் இஸ்திரிப் பெட்டியையும் துறந்தார். கசங்கின சட்டையோடு ஆபீஸ் போய், "இது காத்து வாங்கின சட்டை" என்று பெருமையடித்தார். வியர்வை வழிய வழிய, வரைபலகையால் விசிறிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பேப்பர் படித்தார்.

என்ன ஆச்சரியம்! வாசலில் இருந்த மீட்டர் மாசாமாசம் மெதுவாக ஓட ஆரம்பித்தது. நாலாவது மாதம் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. அன்று அவர் மீட்டரைக் கட்டிப்பிடிக்காத குறை.

வாட்ச்காரருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "சார், மூணு நாளா ஒரு இலைகூட அசையலை. உங்க இறக்கையும் அசையலை. ஆனா வீட்டுல லைட் எரியுதே?"

"அதுக்குப் பேருதான் சார் சேமிப்பு! காத்து அடிச்சப்ப பிடிச்சு வச்சது."

"உங்க பேட்டரி என்ன சார், அண்டாவா?"

இதற்கு நடுவில் பின்னறையில் யூனிஃபார்ம் மலைமாதிரி குவிந்துகொண்டிருந்தது. நூற்று இருபதும் பத்து நாள் முன்னதாகவே முடிந்து, இன்னொரு பள்ளிக்கூடத்திலிருந்தும் ஆர்டர் வந்திருந்தது. காத்தாடியார் அதைப் பார்த்தார்தான். ஆனால் அவர் கவனமெல்லாம் முள்ளில் இருந்தது.

பியூஸ் பிடுங்கும் ஞாயிறு வந்தது. ஆறு அறைக்குப் பச்சை ஒட்டியாகிவிட்டது; ஏழாவது ஸ்டிக்கரைப் பியூஸ் பிடுங்கியதும் எல்லோர் முன்னாலும் ஒட்டுவதாக ஏற்பாடு. காலை பதினொரு மணிக்குக் கூடம் நிறைய ஆட்கள். வாட்ச்காரர் முன்வரிசை. ஆபீஸ் மேனேஜர் மனைவியோடு வந்திருந்தார். வந்தவர்கள் புழுங்கக் கூடாது என்று நாலு மாசத்துக்குப் பிறகு எல்லாப் பேனையும் போட்டுவிட்டிருந்தார் காத்தாடியார். மாடியில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. இறக்கை பறந்தது. அவருக்கு வாயெல்லாம் பல்.

மச்சினன் மட்டும் வாசல்படியிலேயே நின்றான்.

"மாமா, இன்னைக்கு வேண்டாமே. நாள் சரியில்ல."

"காத்து இருக்கு, நான் இருக்கேன். வேற என்னப்பா வேணும்?"

ஸ்டூல் மேல் ஏறினார். "இந்த வினாடியிலிருந்து இந்த வீடு சுதந்திர வீடு!" என்று முழங்கி, பியூஸ் கட்டையைப் பிடுங்கினார்.

கூடத்துப் பேன் ஒரு சுற்றுச் சுற்றியது. அரைச் சுற்றுச் சுற்றியது. நின்றது.

நடையில் விளக்கு போனது. சமையலறையில் ஃபிரிட்ஜ் ஒரு உறுமல் உறுமி ஓய்ந்தது. ஸ்டூல் மேல் கையில் கட்டையோடு நின்றவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. வாட்ச்காரர் அவரைப் பார்த்தார், பேனைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். காத்தாடியாருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. இருபது வருஷமாக அடுத்தவன் மாற்றினான். இப்போது காற்றே மாற்றிவிட்டதா?

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டர்ர்ர்ர்ர்... டர்ர்ர்ர்ர்...

எல்லோரும் பின்னறைக்கு ஓடினார்கள். அங்கே விளக்கு ஜொலித்தது. பேன் பறந்தது. ரேடியோ பாடியது. அவர் மனைவி ஒரு பாவாடைக்கு மடிப்பு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் மட்டும் பச்சை ஸ்டிக்கர் இல்லை.

காத்தாடியார் மச்சினனைத் தேடிப் பிடித்தார். "மாப்ளே, அப்ப அந்த ஸ்டிக்கரெல்லாம்?"

"ஸ்டிக்கர் மட்டும்தான் மாமா ஒட்டினேன். ஒரே ரூமைத்தான் இழுக்கும்னு அன்னைக்கே சொன்னேன். நீங்க கேக்கலை. அக்கா கேட்டாங்க."

கூட்டம் வாயைப் பிளந்தது. மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். அவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். புருஷனின் முகத்தை ஒருதடவை பார்த்தாள். அவளுக்கே பாவமாகிவிட்டது.

"எல்லாரும் உள்ள வந்து காத்தாட உக்காருங்க. அவருதான் படிப்படியான்னு சொல்லியிருந்தாரே. இதுதான் முதல் படி. நாலு மாசமா தினம் கரண்ட் போற நேரத்துல இந்த ஒரு ரூம் நிக்காம ஓடுது. தெருவுல வேற யார் வீட்டுல ஓடுது, சொல்லுங்க? அவரு காத்தாடி வைக்கலைன்னா என்னால ரெண்டு ஸ்கூல் ஆர்டர் முடிச்சிருக்க முடியுமா?"

முதலில் வாட்ச்காரர் கை தட்டினார். கூட்டமே தட்டியது.

"சார், பேன் நின்னதென்னமோ நிஜம். ஆனா கம்பம் அங்கேயே இருக்கட்டும்" என்றார் வாட்ச்காரர். "என் கடையும் ஒரே ரூமுதான். எனக்கும் பத்து மணிக்குத்தான் கரண்ட் போகுது. எனக்கு ஒண்ணு வைக்கணும்."

காத்தாடியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பேஷா வச்சிடலாம்! நாளைக்கே படம் வரைஞ்சு..."

"படம் வேண்டாம் சார். அம்மாவையே கேட்டுக்கறேன்."

எல்லோரும் கலைந்து போனார்கள். காத்தாடியார் அசடு வழிய பியூஸ் கட்டையைத் திரும்பச் சொருகிவிட்டு, நாலு மாசத்துக்குப் பிறகு முதல்தடவையாகக் கூடத்துப் பேனுக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்தார். சொர்க்கமாக இருந்தது. அவளும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"அது சரிம்மா" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த ஆறு ரூமும் பழைய கரண்ட்டுலதான் ஓடிச்சுன்னா, மீட்டர் எப்படிப் பாதியா குறைஞ்சுது?"

அவள் எழுந்து போய்ப் பேனை அணைத்தாள்.

"காத்தாடி ஓட்டறது ஒரு ரூம்தாங்க. மிச்ச ஆறு ரூமையும் நீங்கதானே ஓட்டறீங்க?"