கழுதைக்காக ஆறிய சாப்பாடு

மஹய்யாவ,
செவ்வாய்க்கிழமை.

அம்பிட்டியவில் வாழும் மதிப்புக்குரிய திருமதி ஜெயராணி அவர்களுக்கு, உடன்பிறந்த தம்பி மோகனராஜ் எழுதுவது. இங்கு நானும் என் மனைவி அங்கம்மாவும் நலம். அங்கு தாங்களும் மச்சானும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் பார்த்தபோது தங்கள் உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை.

முதலில் ஒன்று. அந்தப் படத்துக்கு நானாக வரவில்லை. சின்னப் பிள்ளைகள் பார்க்கிற படத்தில் அறுபது வயது மனிதனுக்கு என்ன வேலை? அங்கம்மாதான், "வெட்டுக்குத்து இல்லாத படமாம், எல்லாரும் நல்லவங்களாம், ஒருநாளாச்சும் அப்படி ஒரு குடும்பத்தப் பாத்துட்டு வருவோம் வாங்க" என்று இழுத்து வந்தாள். உள்ளே போனால் பிள்ளைகள் நாலைந்துதான், மற்றதெல்லாம் நரைத்த தலைகள். படத்தில் ஒரு கிழட்டுக் கழுதை. மழையில் நனைந்து நின்றதை ஒரு குடும்பம் வீட்டுக்குள் கூட்டிவந்து, பெயர் வைத்து வளர்க்கிறது. அந்த வீட்டில் அண்ணன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கிறான், மருமகள் மாமியாருக்கு நன்றி சொல்கிறாள். எந்த ஊரில் நடக்கிறது இதெல்லாம்? நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு கழுதை காணாமல் போகிறது. மேசையில் சாப்பாடு ஆறுகிறது. அது வரும்வரை ஒரு வாய் தொடமாட்டோம் என்று குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. அங்கேதான் எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயைப் பொத்திப் பார்த்தேன், நிற்கவில்லை.

முன் வரிசையில் தனியாக இருந்த அம்மாள் என்னைவிட மோசம். தோளெல்லாம் குலுங்கியது. பாவம், கண்ணைத் துடைக்கட்டும் என்று சட்டைப் பையிலிருந்த என் லேஞ்சியை எடுத்து இருட்டில் நீட்டினேன். அந்த அம்மாள் திரும்பாமலே வாங்கி மூக்கைச் சிந்தினார். அந்தச் சத்தத்தை நான் பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்தவன். இடைவேளை விளக்குப் போட்டார்கள், தாங்கள் திரும்பினீர்கள். இருவருக்கும் கண் சிவந்து கிடந்தது. "நல்லா இருக்கியாடா" என்று ஒரு வார்த்தை? கிடையாது. லேஞ்சியை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கழுதைக்காகப் பட்டினி கிடந்தவர்களைப் பார்த்து அழத் தெரிகிறதே, உங்கள் மகள் நிரோஷாவின் கல்யாணத்தில் அந்த மனசு எங்கே போயிருந்தது? "தயிர்ச்சட்டி இன்னும் வரல தம்பி, ஓடிப்போய்ப் பாரு" என்று என்னைப் பிலிமத்தலாவைக்கு விரட்டியது யார்? நீதானே அக்கா? கொழும்பு வீதியில் வாகனமெல்லாம் ஊர்கிறது, மடியில் சட்டி, வேட்டியெல்லாம் தயிர், அடித்துப்பிடித்து மண்டபத்துக்கு வந்தால் தாய்மாமன் போடவேண்டிய மாலையை நம் பெரியம்மா மகன் சஞ்சீவ் போட்டுவிட்டு போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கேட்டால், "நல்ல நேரம் போயிரும்னு ஐயர் அவசரப்படுத்தினாருடா" என்கிறாய். சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வந்தேன். அதைத்தானே மூன்று வருடமாக, "என் புள்ள கல்யாணத்துல கை நனைக்காமப் போனான்" என்று கண்டி முழுக்கச் சொல்லித் திரிகிறாய்? அன்றைக்கு எல்லாரும் வழித்துச் சாப்பிட்டது நான் சுமந்து வந்த தயிர். அதை ஏன் ஒருத்தரிடமும் சொல்வதில்லை? எனக்கு வயிறு எரிகிறது அக்கா.

நரைத்த தலைகள் ஏன் அந்தப் படத்துக்கு வருகின்றன என்று இப்போது விளங்குகிறது. வீட்டில் கிடைக்காததை இருட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். விளக்குப் போட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு பழையபடி கல்லாகிவிடலாம்.

ஆகவே நமக்குள் இனி ஒன்றுமில்லை. லேஞ்சியைத் தாங்களே வைத்துக்கொள்ளவும். மச்சானுக்கு என் வணக்கம். நிரோஷாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். அதையும் சஞ்சீவ் கையாலேயே கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு கழுதையளவுகூட மதிக்கப்படாத தம்பி,
மோகனராஜ்

பி.கு: இடைவேளையோடு வந்துவிட்டதால் மீதிக் கதை எனக்குத் தெரியாது. அங்கம்மா மட்டும் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முழுதும் பார்த்தாளாமே? கழுதை திரும்பி வந்ததா, ஆறிய சாப்பாட்டை யாராவது சூடாக்கினார்களா என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். "ஒங்க அக்காகிட்டயே போய்க் கேளுங்க" என்கிறாள். வருகிற ஞாயிறு மதியம் கேட்க வருகிறேன். பிலிமத்தலாவைக்குப் போய்த் தயிர் வாங்கிக்கொண்டு வரவேண்டும், தாமதமாகும். நான் வந்து சேரும்வரை அந்த வீட்டில் ஒருத்தரும் சாப்பிட உட்காரக்கூடாது, சொல்லிவிட்டேன்.