சத்தம் போடாமல் போட்டுக்கொண்ட ஊசி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம், அங்கே உங்கள் சுகம் எப்படி என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கெடுத்தவனே கேட்டால் நன்றாக இருக்காது என்பதால் விட்டுவிடுகிறேன். போனில் பேசலாம் என்றால், நீங்கள் இருமும்போதெல்லாம் என்னைத் திட்டுவது போலவே கேட்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் பேத்தி பிறப்பதற்கு முன்பே உங்கள் மகள், அதாவது என் மருமகள், கறாராகச் சொல்லிவிட்டாள். "ஃப்ளூ ஊசி போட்டுக்காம யாரும் பிள்ளையத் தூக்கக் கூடாது. அப்பாவா இருந்தாலும் சரி, மாமாவா இருந்தாலும் சரி." நீங்கள் நாற்பது வருடம் ஊசியோடு பிழைத்த தையல்காரர். அன்று மாலையே போட்டுக்கொள்ளக் கிளம்பிவிட்டீர்கள். பூங்கா பெஞ்சில் உங்களைப் பிடித்து உட்கார வைத்தவன் நான்தான். பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருடம் சோதனைக்குழாய் கழுவியவன் என்ற ஒரே தகுதியில், ஊசி போட்டால்தான் காய்ச்சலே வரும் என்றேன், நம் காலத்து உடம்புக்கு இதெல்லாம் எதற்கு என்றேன், என் தம்பியின் மைத்துனர் போட்டுக்கொண்ட மறுநாளே விழுந்துவிட்டார் என்றேன். அவர் விழுந்தது ஏணியிலிருந்து என்பதை மட்டும் சொல்லவில்லை. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சயின்ஸ் ரூம்லயே இருந்தவரு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சம்பந்தி" என்றீர்கள். இருவரும் போட்டுக்கொள்வதில்லை என்று பேசி முடித்தோம். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பேத்தி வீட்டுக்கு வந்தாள். நான் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்தேன். என் மனைவி முன்பே ஊசி போட்டுக்கொண்டவள். குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, "தாத்தா அங்கயே இருக்கட்டும்டா கண்ணு, அவரு பெரிய விஞ்ஞானி" என்று என்னை அறிமுகம் செய்து வைத்தாள். நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஐந்தாம் நாள், எப்படிச் சொல்வேன் சம்பந்தி, உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மருத்துவமனைக்குப் போய்விட்டேன். அங்கே நீண்ட வரிசையின் நடுவில், நாம் ரேடியோ என்று கூப்பிடும் அந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணில் பட்டால், நான் வீடு திரும்பும் முன் செய்தி உங்கள் கடைக்கு வந்துவிடும். பக்கத்தில் குட்டையாக இன்னொரு வரிசை இருந்தது. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அதில் புகுந்துவிட்டேன். "எந்த ஊசின்னு தெரியுமா பெரியவரே?" என்று நர்ஸம்மா கேட்டார். "எல்லாம் தெரியும்மா, சத்தம் போடாமப் போட்டு விடுங்க" என்றேன். எந்த இடத்தில் போட்டார்கள் என்று சம்பந்திக்கு எழுதுவது மரியாதையல்ல. நிம்மதியாக உட்கார இரண்டு நாள் ஆயிற்று.

மருமகளிடம் மட்டும் சொன்னேன். "உங்க அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேம்மா" என்று அவள் வாயையும் அடைத்தேன். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் போகட்டும் என்றாள். பொறுத்தேன். இன்றோடு ஒன்பது நாளாகப் பேத்தி என் மடியில்தான். நீங்களோ சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டு, ஃப்ளூ வந்து பதினோரு நாளாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறீர்கள். பேத்திக்கு நீங்கள் தைத்தனுப்பிய ஆறு சட்டைகளில் இரண்டு இப்போதே இறுக்குகின்றன. தைத்தவர் இன்னும் அவளைத் தொட்டதுகூட இல்லை. பிஞ்சு உடம்பில் குத்தக் கூடாது என்று பொத்தானுக்குப் பதில் நாடா வைத்திருக்கிறீர்கள். அதை முடிச்சுப் போடும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது. உங்களைத் தடுத்ததைக்கூட அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். புத்தி வந்து கிளம்பியவன் உங்களையும் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள். "நான் சொன்னது தப்பு" என்ற அந்த ஒரு வார்த்தைதான் என் வாயில் வரவில்லை.

காய்ச்சல் விட்டு நீங்கள் நன்றாக எழுந்து நடமாட வேண்டும், அதுவே என் வேண்டுதல். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். என்னைத் திட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். குறைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முகத்தில் விழிக்க யோக்கியதை இல்லாத
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் மருமகள் வந்து, பிள்ளையின் ஃபைலில் வைக்க வேண்டும் என்று என் ஊசிச் சீட்டைக் கேட்டாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "மாமா, இது விட்டமின் ஊசி" என்றாள். குட்டை வரிசை அதற்குத்தானாம். பிள்ளையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒன்பது நாள் அந்தப் பச்சை மண்ணை எந்தக் காப்பும் இல்லாமல் கொஞ்சியிருக்கிறேன். ஆகவே, உங்களுக்குத் தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டேன் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். துரோகத்தைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. நாளைக் காலையில் நீண்ட வரிசையில் போய் நிற்கப் போகிறேன். போட்டுக்கொண்டாலும், உங்களுக்கு முன்னால் இனி அவளைத் தூக்க மாட்டேன். நீங்கள் எப்போது போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். என்னைக் கேட்காதீர்கள்.