காத்து சாரின் மொட்டை மாடிக் கம்ப்யூட்டர்

காற்றைக் கட்டம் கட்டி உட்காரவைத்து, அதன் வாயாலேயே கணக்குச் சொல்லவைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் நானும் ஒரே குளியலறையைப் பயன்படுத்தியவர்கள். அதாவது, அவர் உள்ளே இருப்பார்; நான் வாளியோடு வெளியே வரிசையில் நிற்பேன். நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிச் சமையல் குறிப்புக்குப் போய்விடலாம். எனக்கு வருத்தமில்லை.

எழுபதுகளின் கடைசி. நான் அரியலூரில் ஒரு சிமெண்டு ஆலை ஆபீஸில் குமாஸ்தா. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வாசம், கீழேயே மெஸ்ஸில் சாப்பாடு. அங்கே ஒரு நாள் இரும்புப் பெட்டியும் ஒரு மூட்டைக் காகிதமுமாக வந்து இறங்கினார் அவர். பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஒரே வாரத்தில் அது போய், ஊருக்கே காத்து சார் ஆகிவிட்டார்.

திருச்சியில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர் அவர். மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரயில் போனால் அதைச் சுற்றிக் காற்று எப்படி ஒதுங்கும், ரயிலின் மூக்கு எந்த வடிவில் இருந்தால் நல்லது என்பது ஆராய்ச்சி. எங்கள் ஊர் பாசஞ்சர் வண்டியோ, ஓடி வருகிறவருக்காக நின்று ஏற்றிக்கொண்டு போகும் நல்ல மனசுக்கார வண்டி. "திருச்சியிலேயே இருந்து படிக்கலாமே சார், இங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"திருச்சியில எல்லா வண்டியும் நின்னுடுதுங்க. நிக்கிற வண்டியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இங்கதான் சில எக்ஸ்பிரஸ் நிக்காம போவுது" என்றார். நிற்காமல் போகிற ரயிலுக்காக ஒரு ஊருக்குக் குடிவந்தவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

எக்ஸ்பிரஸ் வரும் நேரத்தில் பிளாட்பாரத்தில் ஒரு டப்பாவோடு நிற்பார். வண்டி சீறிக்கொண்டு போகும்போது டப்பாவிலிருந்த முகப்பவுடரைக் கைநிறைய அள்ளி வீசுவார். காற்று சுழல்வது கண்ணுக்குத் தெரியவேண்டுமாம். காற்றும் சுழன்றது. பிளாட்பாரத்தில் இருந்த அத்தனை பேரும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெள்ளையானார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் தும்மிக்கொண்டே ஓடிவந்தார்.

"யோவ், இந்த ஊருக்கு சிமெண்டுத் தூசி பத்தலைன்னு உன்கிட்ட வந்து சொன்னாங்களா?"

"மன்னிச்சுக்குங்க சார். கொஞ்சம் அப்படியே நில்லுங்க. உங்க இடது பக்கம் ரொம்ப நல்லா சுழிச்சிருக்கு" என்று அவர் தோளில் படிந்த பவுடரை வரைந்துகொள்ள ஆரம்பித்துவிட்டார் காத்து சார்.

பவுடருக்குத் தடை வந்ததும் காய்கறிக்கு மாறினார். மெஸ் மாஸ்டரிடம் ஒரு சுரைக்காயை வாங்கி, உடம்பெல்லாம் நூல் ஒட்டி, மேசை ஃபேனுக்கு எதிரே வைத்தார். அதுதான் ரயில். கத்தரிக்காய் மூக்கு மொண்ணை, முருங்கைக்காய்க்கு மூக்கே இல்லை, சுரைக்காய்தான் லட்சணம் என்று தீர்ப்பு வந்தது. ஆராய்ச்சி முடிந்ததும் சுரைக்காய் சமையலறைக்குத் திரும்பியது. மறுநாள் கூட்டில் நூல் வந்தது. இழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டோம்.

இதெல்லாம் வேடிக்கை. வினை வேறு இடத்தில் இருந்தது. கணக்கை முடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டும். கல்லூரிக்குக் கிடைத்த கம்ப்யூட்டர் நேரமோ சொற்பம். அவருடைய பேராசிரியர் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "நம்ம நாட்டுல எந்த ரயில்யா அந்த வேகத்துல போகப்போகுது? வரப்போற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை நானே அரியலூர் வரேன். கையாலயாவது போட்டு ஒரு விடை காட்டு. இல்லேன்னா உன் பேரை அடிச்சிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்" என்று சொல்லியிருந்தார். பெயரை அடித்துவிட்டால் கீழப்பழுவூரில் மாமனாரின் உரக்கடை காத்திருந்தது. மாமனார் நாற்காலிகூடச் செய்து வைத்துவிட்டார். அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் காத்து சாரின் குரல் இறங்கிவிடும்.

ஒரு மாலை மெஸ்ஸில் எல்லோரும் கூடியிருந்தபோது எழுந்து நின்றார். "மெஷின் தரமாட்டாங்களாம். நீங்கதான் மெஷின்" என்றார். சோற்றில் வைத்த கை வைத்தபடி பார்த்தோம்.

விஷயம் இதுதான். மொட்டை மாடியில் சாக்பீஸால் கட்டங்கள் போடுவார். நடுவில் சில கட்டங்கள் ரயில். மற்ற கட்டம் ஒவ்வொன்றிலும் ஒருவர் சிலேட்டோடு உட்காரவேண்டும். ஒரு ஓரத்து வரிசைக்கு எப்போதும் நூறு, எதிர் ஓரத்துக்கு எப்போதும் பூஜ்யம். இடையில் இருப்பவர்கள் தங்களைச் சுற்றியுள்ள நாலு பேர் சிலேட்டையும் பார்த்து, கூட்டி, நாலால் வகுத்துத் தங்கள் சிலேட்டில் எழுதவேண்டும். அவர் கரண்டியால் தட்டைத் தட்டுவார். மறுபடி பார்த்து, மறுபடி எழுதவேண்டும். தட்டத் தட்ட நம்பர்கள் மாறிக்கொண்டே வந்து கடைசியில் மாறாமல் நிற்கும். அதுதான் காற்றின் கணக்கு.

"புரியலீங்களே" என்றார் மெஸ் மாஸ்டர்.

"உங்க வூட்டைச் சுத்தி நாலு வூடு. நாலுலயும் கருவாடு வறுக்கிறாங்க. ஒருத்தர் வூட்ல நிறைய, ஒருத்தர் வூட்ல கொஞ்சம். உங்க வூட்ல எவ்வளவு வாசம் இருக்கும்?"

"நடுவாந்திரமா இருக்கும்."

"அதான் சார் சராசரி! அவ்வளவுதான் காத்து!"

இன்னொரு விதியும் இருந்தது. பக்கத்துக் கட்டம் ரயிலாகவோ மாடிச் சுவராகவோ இருந்தால், அந்தப் பக்கத்துக்குத் தன் நம்பரையே போட்டுக்கொள்ளவேண்டும். காற்று சுவருக்குள் போகாது என்பதற்கு அதுதான் அடையாளமாம். எல்லோரும் தலையை ஆட்டினோம். இந்த விதியை இருவர் மட்டும் நாங்கள் நினைத்ததைவிட ஆழமாகப் புரிந்துகொண்டார்கள் என்பது அப்போது தெரியவில்லை.

முதல் ஞாயிறு இட்லி முடிந்ததும் தலையில் ஈரத்துண்டோடு கம்ப்யூட்டர் மாடி ஏறியது. தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க்குக்கு அடுத்த கட்டத்தில் அவருடைய ஜூனியர். ஜூனியரின் நம்பர் ஏறவே இல்லை. காத்து சார் போய்க் கேட்டார்.

"கணக்குப்படி முப்பத்தஞ்சு வருதுங்க. ஆனா ஐயாவே முப்பதுதான் போட்டிருக்காரு. நான் எப்படிங்க அவரைவிட மேல போடறது?"

"காத்துல ஹெட்கிளார்க் கிடையாதுங்க!" என்று காத்து சார் கதறினார். ஹெட்கிளார்க் பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்த பிறகே முப்பத்தைந்து எழுதப்பட்டது.

எதிர்வீட்டுக்காரர் யாரோ சொல்லி ஒரு கான்ஸ்டபிள் மேலே வந்தார். கட்டம், நம்பர், சுற்றிலும் ஆம்பிளைகள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "என்னய்யா ஆட்டம்? எந்த நம்பருக்கு ஜெயிப்பு?"

"எந்த நம்பரும் மாறாம நின்னா சார் ஜெயிப்பாருங்க" என்றேன். கான்ஸ்டபிள் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, ஆள் குறைந்ததால் காலியாக இருந்த ஒரு கட்டத்தில் உட்கார்ந்துகொண்டார். நன்றாகவே வகுத்தார்.

மத்தியானம் நம்பர்கள் நின்றன. காத்து சார் எழுதி எடுத்துக்கொண்டு பார்த்தார். முகம் வெளுத்தது. ரயிலுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி வரவேண்டும். ஆனால் வலப்பக்கம் மட்டும் பல்வலிக்காரன் கன்னம் மாதிரி வீங்கியிருந்தது. வெறும் காற்று இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ சுவர் நிற்பதாகக் கணக்குச் சொன்னது.

அந்தச் சுவர் ஆரோக்கியம் வாத்தியாருக்கும் பழனிவேலுக்கும் நடுவில் இருந்தது.

ஆரோக்கியம் வரதராஜன்பேட்டைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். சிலேட்டுகளே அவர் உபயம்தான். பழனிவேலுக்கு ஊர் சிறுவாச்சூர், யூனியன் ஆபீஸில் வேலை. இருவரும் ஒரே அறை. மெஸ்ஸில் ஒரு மீன் தலை காணாமல் போன விவகாரத்தில் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு எட்டு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. கையெட்டும் தூரத்தில் படுத்துக்கொண்டு, "சார், அந்த ஆளை ஃபேனைக் கொறைக்கச் சொல்லுங்க" என்று வராந்தாவில் போகிற என்னிடம் சொல்லி அனுப்புவார்கள்.

"பழனி, பக்கத்துல ஆரோக்கியம் சார் சிலேட்டு இருக்கே, பார்த்தீங்களா?" என்றார் காத்து சார்.

"நீங்கதானே சார் சொன்னீங்க? சுவரா இருந்தா நம்ம நம்பரையே போட்டுக்கணும்னு. எனக்கு அவரு சுவருதான்."

"எனக்கும்" என்றார் ஆரோக்கியம், வானத்தைப் பார்த்து.

சரி, இடத்தை மாற்றி உட்காரவைக்கலாம் என்று ஆரோக்கியத்தை ரயிலின் வால் பக்கம் அனுப்பினோம். அங்கே பக்கத்துக் கட்டம் பெரம்பலூர் பேங்க்காரர். குளியலறை விஷயமாக அவரோடும் ஆரோக்கியத்துக்குப் பேச்சு இல்லை. பேங்க்காரரை நகர்த்தினால் அவருக்கு ஜூனியரோடு ஆகாது. காற்றை அளக்கப் போய், லாட்ஜில் யாருக்கு யாரோடு ஆகாது என்று சர்வே எடுத்த மாதிரி ஆகிவிட்டது. இருப்பதில் பழைய ஏற்பாடுதான் தேவலை, அதில் ஒரு சுவர்தான்.

அந்த வாரம் முழுக்கக் காத்து சார் ஆராய்ச்சியை விட்டுவிட்டுச் சமாதானத் தூது போனார். மெஸ் மாஸ்டரிடம் சொல்லி இரண்டு பெரிய மீன் தலைகளைக் குழம்பு வைக்கச் செய்து, ஆளுக்கு ஒன்றாக இருவர் இலையிலும் வைத்தார். பழனிவேல் தலையைப் பார்த்தார். "இந்தத் தலை எனக்கு எதுக்கு சார்? அந்தத் தலைக்கு நியாயம் சொல்லுங்க" என்று இலையை மூடிவிட்டார். ஆரோக்கியம் தலையைச் சாப்பிட்டுவிட்டு, சமாதானத்துக்கு மட்டும் முடியாது என்றார்.

சனிக்கிழமை காத்து சார் தோற்றுப்போனவராகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "பேச வேண்டாங்க. சிலேட்டை மட்டும் ஒருத்தருக்கொருத்தர் திருப்பிக் காட்டுங்க. எனக்காக" என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டிருந்தார். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம், ஒரு முறைகூடக் கோபித்துக்கொண்டதில்லை மனுஷன்.

ஞாயிறு காலை பாசஞ்சரில் பேராசிரியர் வந்தார். மாடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். சிலேட்டும் துண்டுமாக உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்து, "இதுதான் உன் மெஷினா?" என்றார். சிரிக்கவில்லை. காத்து சார் ரயில் கட்டத்தின் நடுவில் போய் நின்று தட்டைத் தட்டினார்.

ஆரோக்கியம் கிழக்கே பார்த்துக்கொண்டு சிலேட்டை மேற்கே நீட்டினார். பழனிவேல் மேற்கே பார்த்துக்கொண்டு கிழக்கே நீட்டினார். பொறுப்பாகக் கடைக்கண்ணால் பார்த்து எழுதினார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறியது. ஆரோக்கியத்தின் நெற்றியிலிருந்து வேர்வை சிலேட்டில் சொட்டி, நம்பர் கலங்கிவிட்டது.

பழனிவேல் எட்டிப் பார்த்தார். தெரியவில்லை. வழக்கம்போலத் தூது அனுப்ப என்னைத் தேடினார். நான் ரயிலுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். பழனிவேல் பேசாமல் தன் நம்பரையே எழுதிவிட்டுப் போயிருக்கலாம். நிமிர்ந்து காத்து சாரைப் பார்த்தார். கரண்டியை ஓங்கியபடி, உதடு காய்ந்து, மூச்சுகூட விடாமல் நின்றுகொண்டிருந்தார் அவர்.

"யோவ் ஆரோக்கியம், அது முப்பத்தாறா முப்பத்தெட்டா?"

ஒருத்தர் சிலேட்டிலும் பலப்பம் நகரவில்லை.

"முப்பத்தெட்டுய்யா. வேர்வை பட்டுடுச்சு" என்றார் ஆரோக்கியம்.

"என்னாச்சு? ஏன் எல்லாரும் நிறுத்திட்டீங்க?" என்றார் பேராசிரியர்.

"ஒண்ணும் இல்லீங்க. மெஷின்ல எட்டு மாசமா ஒரு பார்ட் ரிப்பேர். இப்பதான் சரியாச்சு" என்றார் ஹெட்கிளார்க்.

மத்தியானத்துக்கு முன்பே நம்பர்கள் நின்றுவிட்டன. பேராசிரியர் எழுந்து கட்டம் கட்டமாக நடந்தார். இந்தப் பக்கம் ஒரு சிலேட்டு, அந்தப் பக்கம் ஒரு சிலேட்டு என்று ஒப்பிட்டார். இரண்டு கன்னமும் ஒன்றாக இருந்தன. கான்ஸ்டபிளின் சிலேட்டையும் விடவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிய்யா. இத்தனை பேரை வெயில்ல வதக்க வேண்டாம். நாளையிலேர்ந்து மெஷின்ல நேரம் போட்டுத் தரேன். கிளம்பி வந்துடு."

நாங்கள் சிலேட்டுகளைத் தூக்கிக் கத்தினோம். உரக்கடை நாற்காலி ஒழிந்தது என்று மெஸ் மாஸ்டர் விசிலே அடித்தார். காத்து சார் மட்டும் கரண்டியால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"சார், ஒரு வாரம் தள்ளி வரட்டுங்களா?"

பேராசிரியர் திகைத்துவிட்டார். "ஏன்யா? இதுக்காகத்தானே இத்தனை நாளா என் உயிரை எடுத்தே?"

"இல்லீங்க சார். அவங்க ரெண்டு பேரும் இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்காங்க. இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தா நல்லாயிருக்கும்."

பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். "நான் எடுக்கலைய்யா, சத்தியமா!" "நானும் எடுக்கலைங்கறேன்! அப்ப அந்தத் தலையை யாருதான் தின்னது?" என்று இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் ஹெட்கிளார்க் பக்கம் திரும்பினார்கள். ஹெட்கிளார்க் மும்முரமாகச் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். ஒரு வாரம் கொடுத்தார்.

அதற்கடுத்த வாரம் காத்து சார் பெட்டியையும் காகித மூட்டையையும் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டார். எங்களுக்கு ஒரு காலைப்பொழுது ஆன கணக்கை அந்த மெஷின் கண்மூடித் திறப்பதற்குள் போட்டிருக்கும். போடட்டும். ஐப்பசி மழையில் மாடியின் கோடுகள் அழிந்துபோன பிறகும் ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு அப்புறம் நாங்கள் மேலே போய் உட்கார்ந்தோம், பேசிக்கொண்டிருக்கத்தான். யாரும் சொல்லாமலே அவரவர் கட்டம் இருந்த இடத்தில்தான் உட்கார்ந்தோம். நடுவில் அவர் நின்ற இடத்தில் மட்டும் ஒருத்தரும் உட்காரவில்லை.