திண்டுக்கல் போய்ச் சேரப் பதினான்கு மாதம்

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு அறுபது சொச்சம் கிலோமீட்டர். எக்ஸ்பிரஸில் ஏறி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தால், கடைசி முறுக்கு தீர்வதற்குள் ஊர் வந்துவிடும். இந்தத் தூரத்தைக் கடக்கப் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் தெருக்காரர். அதுவும் அத்தனையையும் தன் வீட்டுக் கம்ப்யூட்டர் மேசை முன்னால் இருந்தபடியே கடந்தார்.

சமயநல்லூரில் எங்கள் தெருவுக்கு அவர் ‘கார்டு’. அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே யோசிப்பார். முப்பது வருடம் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்ஸ் வண்டியில் எஞ்சின் லேசாக அசைந்தால் போதும், அந்த அசைவு பெட்டி பெட்டியாகப் பெருகி வந்து கடைசியில் இருப்பவரின் பல்லை ஆட்டும். அதனால் எதையாவது பிடித்துக்கொள்ளாமல் அவரால் இருக்க முடியாது. கல்யாணப் பந்தியில் வலது கை சாப்பிடும், இடது கை மேசையைப் பிடித்திருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“உக்காருங்கண்ணே.”

“இருக்கட்டும் தம்பி, இந்தா கெளம்பிருவேன்.”

ஒன்றரை மணி நேரம் நிற்பார். வயதில் பெரியவர் நிற்கும்போது நாம் உட்கார முடியுமா? நானும் நிற்பேன். எனக்கு முழங்கால் வலி ஆரம்பித்த வரலாறு அதுதான்.

நான் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். நடத்துவது தியரி. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே கிடையாது. இந்த உண்மையைத் தெருவில் சொல்லாமல் விட்டது என் தப்பு. ஒருநாள் காலையில் வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு நின்றவனைக் கார்டு வந்து பிடித்தார்.

“தம்பி, எம்மகன் விட்டுட்டுப் போன கம்ப்யூட்டர்ல ரயில் ஓட்டுற கேம் போட்ருக்கேன். எவனோ ஒரு புண்ணியவான் மதுரை – திண்டுக்கல் லைன அப்புடியே பண்ணி வச்சிருக்கான். நம்ம ஸ்டேசன் இருக்கு, வைகை இருக்கு, சிறுமலை இருக்கு. ஆனா வண்டி குலுங்குது.”

“கம்ப்யூட்டர்ல ஓடுற வண்டி எப்படிண்ணே குலுங்கும்?” நுரையோடு கேட்டேன்.

“வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். குலுங்கத்தான் செய்தது. திரையில் தண்டவாளம் நாலு அடி ஓடும், நிற்கும், யோசிக்கும், பிறகு ஒரே தாவாகத் தாவும். பார்த்துக்கொண்டிருந்த நானே கண்ணை மூடிக்கொண்டேன்.

“விளையாட்டுத்தானண்ணே, விடுங்க” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

“எனக்கு இல்ல தம்பி. உங்க மதினிக்கு.”

மதினி என்றால் அவர் மனைவி. விஷயம் இதுதான். எக்ஸ்பிரஸுக்கும் பாசஞ்சருக்கும் வழிவிடுவதற்காகக் கூட்ஸ் வண்டியை ஸ்டேஷனில் பக்கத்துத் தண்டவாளத்துக்குத் தள்ளி நிறுத்துவார்கள். அதற்கு லூப் என்று பெயர். ஒதுக்கினால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. மகன் பிறந்தபோது கார்டு லூப்பில் நின்றார். மகளுக்குச் சடங்கு வைத்தபோது லூப்பில் நின்றார். மாமனாரைத் தூக்கும்போதும் லூப்பில்தான் நின்றார். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலையும் சால்வையுமாக அவர் நிற்க, மைக்கைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னதற்கு மதினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

“முப்பது வருசமா கேட்டா லூப்புல நிக்கிறேன், லூப்புல நிக்கிறேன்னாரு. அப்படி என்னதான் இருக்கு அந்த லூப்புல?”

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். கார்டுக்கு மட்டும் அது முள்ளாகத் தைத்துவிட்டது. மதினியைப் பக்கத்தில் உட்கார வைத்து, மதுரையிலிருந்து திண்டுக்கல் வரை கூட்டிப்போய், எங்கெங்கே நின்றேன் என்று காட்டியே தீருவது என்று முடிவெடுத்தார்.

“நெசமான ரயில்லயே கூட்டிட்டுப் போயிரலாமேண்ணே?”

“எக்ஸ்பிரசு லூப்பக் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள தாண்டிரும். நான் சொன்னா நிப்பாட்டுவானா? பாசஞ்சர் மெயின் லைன்ல நிக்கும். இதுல நாந்தான் டிரைவரு. எங்க வேணும்னாலும் நிப்பாட்டுவேன்.”

சொன்ன கையோடு மதினியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். கூடல்நகர் வருவதற்குள் மதினி தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“ஆத்தாடி, வயித்தப் பெரட்டுது. இதுலயா முப்பது வருசம் போனீக?” என்று எலுமிச்சம்பழம் தேடி அடுப்படிக்குப் போனார்.

அன்றிலிருந்து கார்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நோட்டுப் போட்டார். கார்டு வேலை பார்த்த பழக்கத்தில் ஒவ்வொரு குலுக்கலையும் இடம் சுட்டி எழுதினார். ‘கூடல்நகர் அவுட்டர் சிக்னல் முன்பு, மூன்று குலுக்கல், நடுத்தரம். வைகை ஓரம், ஒன்று, பலத்தது.’ இந்த நோட்டையும் கம்ப்யூட்டரையும் என்னையும் எடுத்துக்கொண்டு மதுரையில் ஒரு கடைக்குக் கிளம்பினார்.

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் சாக்பீஸால் ‘லூஸ் ஷண்டிங் செய்யாதீர்’ என்று எழுதியிருந்தார். பெட்டிகளை வேகமாகத் தள்ளிவிட்டு மோத விடாதே என்று சில வேகன்களில் எழுதி வைப்பார்களாம். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அந்தப் பெட்டியை மடியில் வைத்துப் பிடித்திருந்தது நான். ஓட்டியது அவர். பரவை தாண்டும்வரை அவர் முன்னால் பார்த்த நேரத்தைவிடப் பின்னால் திரும்பி என்னைப் பார்த்த நேரம்தான் அதிகம். எதிரே லாரி வருகிறது, இவர் கழுத்தைத் திருப்பி, “எல்லாம் சரியா இருக்கா?” என்கிறார். நான் மீனாட்சியை நினைத்துக்கொண்டு சரியாக இருக்கிறது என்றேன்.

கடைக்காரர் நோட்டை இரண்டு தடவை படித்தார்.

“அண்ணே, ஃபிரேம் ரேட் எம்புட்டு வருது?”

“அதெல்லாம் தெரியாது. வைகை ஓரத்துல விழுகுற அந்த ஒரு குலுக்கு நின்னாப் போதும்.”

ராம் மெமரி கூட்டிப் போட்டார்கள். கடையிலேயே ஓட்டிப் பார்த்தோம். வழுக்கிக்கொண்டு ஓடியது. கார்டு எனக்கு ஜிகர்தண்டா வாங்கிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினால், சமயநல்லூர் வரை சுமாராகப் போய் மறுபடி குலுங்கியது. மதினி இந்த முறை எலுமிச்சம்பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம் ஊர் ஸ்டேஷன் திரையில் வந்ததும், பழத்தை முகர்ந்தபடியே, “நமக்கு இங்கயே எறங்கிக்கிட்டாத்தான் சௌகரியம்” என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்து, திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு. புதுசு முழங்கை நீளம் இருந்தது. அதை மாட்டினால் பெட்டியின் கதவு மூடவில்லை. திறந்தே கிடக்கட்டும் என்றார் கடைக்காரர். கதவு திறந்திருக்கும் வேகனோடு வண்டி எடுப்பது விதிக்குப் புறம்பு என்றார் கார்டு. கடைசியில் பரவை மார்க்கெட் பக்கம் ஒரு கிரில் பட்டறையில் பெட்டியை வெட்டி, கிராபிக்ஸ் கார்டின் முனை வெளியே நீட்டிக்கொள்ள வழி செய்து, கதவை மூடிக் கயிற்றால் கட்டியபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அதோடு முடிந்ததா? புது கிராபிக்ஸ் கார்டுக்குப் பழைய பவர் சப்ளை பற்றவில்லை. மதுரை பிளாட்பாரத்தில் வண்டி புறப்படும்போதெல்லாம் கம்ப்யூட்டரே அணைந்தது. மறுபடி போடுவார், மறுபடி அணையும். மதினி அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டுக் கேட்டார்.

“இப்ப நாம லூப்புலயா நிக்கிறோம்?”

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கார்டு என்னை முறைத்த முறைப்பில் பவர் சப்ளை இல்லாமலேயே கம்ப்யூட்டர் ஓடியிருக்கும்.

பவர் சப்ளை மாற்றினோம். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு வேகமான எஸ்.எஸ்.டி. போட்டோம். பெட்டியில் மாற்றாமல் விட்டது சாக்பீஸ் எழுத்து ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் கடையில் வெண்ணெயாக ஓடும், வீட்டில் குலுங்கும். “கடையில ஓடுதுல்லண்ணே?” என்று கடைக்காரரும் சலித்துப் போனார். திண்டுக்கல் ரோட்டுப் பள்ளத்தில் ஏதோ கழன்றுவிடுகிறது என்று கார்டு நம்பினார். ஒரு தடவை பெட்டியைத் தலையணைகளுக்கு நடுவே வைத்து ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தார். அப்படியும் சோழவந்தானைத் தாண்டியதும் குலுங்கியது.

அன்றைக்கு மதினி கும்பிடு போட்டுவிட்டார். “இனிமே என்னையக் கூப்புடாதீக. நீங்க எங்க நின்னீகளோ நின்னீக. எனக்குத் தெரிய வேண்டாம்.”

அதற்குப் பிறகு ஒரு வாரம் கார்டு என் வாசலுக்கு வரவில்லை. தொல்லை விட்டது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பேப்பர் படிக்க ஓடவில்லை. வாசல் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நானே போனேன்.

கார்டு மேசை முன்னால் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டும்போது நிமிடத்துக்கு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்ப்பது அவர் வழக்கம். மதினி வருகிறாரா என்று பார்க்கிறார் என்றுதான் நான் பதினான்கு மாதமாக நினைத்திருந்தேன். வழக்கமாக அவர் பக்கத்திலேயே நின்று திரையைப் பார்ப்பேன். அன்று மனம் கேட்காமல் அறைக்குள் நடந்துகொண்டிருந்தவன் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கே ட்ரங்குப் பெட்டியின் மேல் இன்னொரு பழைய மானிட்டர் இருந்தது. அதிலும் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னோக்கி.

“இது என்னண்ணே?”

“கடைசிப் பெட்டி.”

“அது எதுக்கு?”

“அம்பத்தெட்டு வேகன் இழுத்துக்கிட்டுப் போறேன். நடுவுல எங்கிட்டும் அத்துக்கிட்டுப் போச்சுன்னா? வால் வருதான்னு பாக்க வேணாமா?”

“கடைக்கு இத ஏண்ணே கொண்டுவரல?”

“இது நல்லாத்தான இருக்கு. ரிப்பேர் ஆனதத்தான கடைக்குக் கொண்டுபோகணும்?”

நான் தலையில் கைவைத்து ட்ரங்குப் பெட்டியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரே கம்ப்யூட்டர் முன்னால் ஒரு சமயநல்லூரும் பின்னால் ஒரு சமயநல்லூருமாக ஒரே நேரத்தில் இரண்டு ஊர் வரைந்துகொண்டிருந்தால் அது எப்படிக் குலுங்காமல் இருக்கும்? இத்தனை நாள் பக்கத்திலேயே நின்றிருந்த கம்ப்யூட்டர் வாத்தியாருக்கு அது தெரியவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

“இத மூடுனா வண்டி குலுங்காதுண்ணே.”

“மூடிட்டா பின்னாடி யாரு பாக்குறது?”

“இது பொம்மை வண்டிண்ணே!”

“வண்டி வண்டிதான தம்பி.”

அரை மணி நேரம் மன்றாடினேன். மனிதர் அசையவில்லை. முகத்தில் வேர்வை ஓடுகிறது, மூடமாட்டேன் என்கிறார். சத்தம் கேட்டு மதினி மொச்சைப் பயறு உரிக்கும் முறத்தோடு வந்தார். நான் முறையிட்டதை முழுக்கக் கேட்டார்.

“முப்பது வருசம் பின்னாடியே பாத்தீக. ஒருநா அந்துச்சா?”

“இல்ல.”

“பெறகென்ன? மூடுங்க. நான் உக்காருறேன்.”

கார்டு எழுந்து போய், அந்த மானிட்டரில் வால் வருகிறதா என்று கடைசியாக ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்தக் காட்சியை மூடினார்.

வண்டி மதுரையை விட்டுக் கிளம்பியது. நம்பவே முடியவில்லை. எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. கூடல்நகர் போனது, வைகை ஓரம் வந்தது, ஒரு குலுக்கல் இல்லை. “நம்ம ஊருல்ல!” என்று சமயநல்லூரில் மதினி சின்னப் பிள்ளை போலச் சத்தம் போட்டார். கார்டு கழுத்தைத் திருப்பாமல் முன்னாலேயே பார்த்து ஓட்டினார். கண்ணில் ஒரு பளபளப்பு. சோழவந்தானில் அந்தப் பக்கத்துத் தண்டவாளத்தைக் காட்டி, “இதுதான் லூப்பு. ஒன் மகளுக்குச் சடங்கு வச்ச அன்னைக்கி இதுலதான் நின்னேன்” என்றார். 

திரும்பிப் பார்த்தோம். மடியில் முறம் அப்படியே இருக்க, மதினி நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். குலுங்காமல் போனால் வேறு என்ன செய்வார், பாவம்.

கார்டு வாடிப்பட்டியில் வண்டியை மெதுவாக லூப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். ஐம்பத்தெட்டு வேகனும் நின்றது தெரியாமல் நின்றது. திரையில் ஒரு வேப்பமரம், ஒரு சிமெண்ட் பெஞ்சு, அதற்கப்பால் வெறும் வயல்.

“மகன் பொறந்தப்ப இங்கதான் தம்பி. ஒம்பது மணி நேரம்” என்றார், காதோடு.

இதற்காகத்தானே இத்தனையும் என்று எனக்குப் பொறுக்கவில்லை. “மதினிய எழுப்பவாண்ணே?”

“வேணாம், வேணாம். நான் லூப்புல நின்ன அன்னைக்கெல்லாம் அவ தூங்குனதே இல்ல. தூங்கட்டும்.”

சிக்னல் போட்டதும் வண்டியை அலுங்காமல் எடுத்தார். எனக்குத் தொண்டையில் ஒரு இருமல் வந்து நின்றது. திண்டுக்கல் வரைக்கும் அதை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.