பதினொரு மணிக்கு நின்ற பஸ்

தர்மபுரி ஜில்லாவிலேயே வாயை மூடத் தெரியாதவர் யார் என்று கேட்டால், பாப்பாரப்பட்டி பஸ்ஸில் ஏறிய எவரும் 'ரைட்டு' கண்டக்டரைத்தான் சொல்வார்கள். எழுபதுகளில் உரக்கடை வேலையாக நான் தினமும் அந்த பஸ்ஸில் போய்வந்தேன். அவருடைய நிஜப் பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது. டிக்கெட் கேட்டாலும் 'ரைட்டு', கல்யாணப் பத்திரிகை நீட்டினாலும் 'ரைட்டு'. இழவுச் செய்தி சொன்னவரிடமும் பழக்கதோஷத்தில் 'ரைட்டு' சொல்லி அடி வாங்கப் பார்த்தார்.

அப்பேர்ப்பட்டவர் வருஷத்தில் ஒரு நாள் வாயை மூடுவார். ஜனவரி முப்பது, தியாகிகள் தினம். காலை பதினொரு மணிக்கு பஸ் எந்தப் புளியமரத்தடியில் இருந்தாலும் விசில் பறக்கும். எல்லோரும் இறங்கி ரெண்டு நிமிஷம் மௌனமாக நிற்க வேண்டும். கூடைக்குள் இருக்கும் கோழிகள் மட்டும் கட்டுப்படாது.

"ஏங்க, எனக்குக் கோர்ட்டுல வாய்தாங்க!" என்று ஒருவர் அலறினார்.

"சுதந்தரத்துக்கு உசுர வுட்டவங்களுக்காக ரெண்டு நிமிசம் நின்னா உங்க கேசு ஓடிப் போயிருமா? எறங்குங்க!"

டிரைவருக்கு இதில் கொள்ளை எரிச்சல். "யோவ், நாம பஸ்ஸு ஓட்டறமா, டிரில்லு எடுக்கறமா?" என்று வருஷா வருஷம் சண்டை பிடிப்பார். ரைட்டு ஒரே ஒரு முறைதான் பதில் சொன்னார்.

"எங்கண்ணன் கொடி புடிச்சிக்கிட்டுப் போயி குண்டடி பட்டு செத்தாம்பா. வூட்டுக்குப் பொணம்கூட வர்ல."

புகார் பஸ் முதலாளிக்குப் போயிற்று. "இன்னொரு வாட்டி நிறுத்துன, வேலைய மறந்துரு" என்றவர், அடுத்த ஜனவரி முப்பதன்று தானே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ரைட்டுக்குக் கல்யாண வயதில் ரெண்டு பெண்கள்.

பதினொன்று ஆயிற்று. நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்தோம். விசில் உதடுவரை போனது, ஊதவில்லை. கம்பியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

பஸ் நின்றது. டிரைவர் குதித்திறங்கி பானெட்டைத் திறந்தார்.

"என்னப்பா ஆச்சு?" என்று முதலாளி எட்டிப் பார்த்தார்.

"எஞ்சின் சூடாயிருச்சுங்க. ஆறணுமுங்க."

"எத்தன நேரம்?"

"ரெண்டே நிமிசமுங்க."

சொல்லிவிட்டு டிரைவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக நின்றார். யாரும் சொல்லாமலே நாங்கள் இறங்கினோம். கடைசியில் முதலாளியும் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

எல்லோரும் திரும்ப ஏறியதும் ரைட்டு விசிலை வாயில் வைத்தார். ஊத முடியவில்லை. சொல்லவும் வாய் வரவில்லை. அவருக்காக அன்று பஸ்ஸே சேர்ந்து குரல் கொடுத்தது:

"ரைட்டு, போலாம்!"